மூன்று நிறத்தில் ஒரு ஏரி

ஜூன் 7

அன்புள்ள பென்சில் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். நானும் குட்டியும் இருக்கிறோம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள்.

உன் மேல் எனக்கு வருத்தம் உண்டு, சொல்லாமல் விடமாட்டேன். ஞாயிறு தவறாமல் எங்கள் மேசையில் சாப்பிட்டவன் நீ. “அண்ணி, இன்னைக்கு உப்பு லீவு போல” என்று உரிமையாகச் சொன்னவன். அண்ணன் ஏரியோடு போன பதினெட்டாம் நாள் வேலையை விட்டாய், ஊரை விட்டாய். போன் எண் மாறிவிட்டது, மின்னஞ்சல் திரும்பி வருகிறது. இந்த முகவரியை உன் அக்காவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு பக்கம் தள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இப்போது ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். எட்டு மாதமாகத் தொடாத அவருடைய கணினியைப் போன வாரம் திறந்தேன். குடிநீர் ஏரியின் அடியை அவர் வருஷம் ஒரு முறை சில நாள் படகில் போய் அளந்தாரே, அந்த மூன்று வருஷக் கோப்புகளும் இருக்கின்றன. வெறும் எண்கள். அதைப் படமாக்குவது உன் வேலையாக இருந்ததால் அவர் கணினியில் ஒரு படம்கூட இல்லை. மூன்று வருஷத்து ஏரியையும் ஒரே படத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, வேறு வேறு நிறத்தில் பார்க்க வேண்டும் எனக்கு. பள்ளியில் பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சம் கற்றுக்கொடுத்தார்கள், கணக்கு டீச்சர்களுக்கு. கோடும் வட்டமும் வரைவேன். இது எனக்கு எட்டவில்லை.

எதற்கு என்று கேட்பாய். விசாரணை அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று உனக்குத் தெரியும். ‘வேலை முடிந்த பிறகும், அனுமதியின்றி, காரணமின்றி, மழையில் படகெடுத்தார். கவனக்குறைவு.’ குட்டியின் வகுப்பில் எவளோ அதை அவளிடம் சொல்லியிருக்கிறாள். வந்து என்னிடம் கேட்டாள்: “அம்மா, அப்பா அன்னைக்கு எதுக்குப் போனாரு?” தெரியலையே கண்ணு என்றேன். அவர் அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன பார்த்தார் என்று நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும் தம்பி.

பதில் போடு. இந்த முறையாவது.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பிரிக்கவில்லை. திட்டுங்கள், எனக்குத் தகும். குட்டிக்குப் பல் முளைத்ததும் சொல்லுங்கள்.

இங்கே சாலை போடும் கம்பெனி ஒன்றில் மேடு பள்ளம் வரைகிறேன். அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குழாய்கள்தான் தெரியும். அவற்றில் ஒன்று எப்போதும் சொட்டுகிறது. ஆழம் அளக்கும் பெட்டி ‘டிக், டிக்’ என்று அடிக்குமே, அதே சத்தம். இருமுறை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கேட்கவில்லையாம்.

அந்தக் கோப்புகள் வேண்டாமே என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை.

ஒவ்வொரு கோப்பிலும் நான்கு பத்திகள்: நேரம், கிழக்கு, வடக்கு, ஆழம். ஆழத்துக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். மறந்தால் ஏரி மலையாகிவிடும். படகு போன கோடுகளில்தான் புள்ளிகள் இருக்கும் என்பதால், முதலில் ஏரி முழுக்க ஒரு கட்ட வலை விரித்து இடைவெளிகளை நிரப்ப வேண்டும். மூன்று வருஷத்துக்கும் அதே வலைதான். பிறகு முப்பரிமாண அச்சு ஒன்றே ஒன்று உண்டாக்கி, பரப்பு வரையும் கட்டளையை அதே அச்சின் மேல் மூன்று முறை கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் புது அச்சு போட்டால் தனித்தனியாக மூன்று படம் வரும். எல்லாரும் முதலில் இடறுகிற இடம் அதுதான். முதல் வருஷம் பச்சை, இரண்டாவது மஞ்சள், மூன்றாவது சிவப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். ஆல்ஃபா என்ற எண்ணை அரைக்குக் குறைத்தால் மேலே இருப்பதன் வழியாகக் கீழே இருப்பது தெரியும்.

ஓரத்தில் எந்த நிறம் எந்த வருஷம் என்று பெயர் போட நினைத்தால், இந்தப் பரப்புகளுக்குச் சிலசமயம் அது வராது. அதே நிறத்தில் படத்தில் இல்லாத ஒரு சின்னப் பெட்டியை உண்டாக்கி அதற்குப் பெயர் வைத்துக் காட்ட வேண்டும். போலிதான். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் வரி வரியாக அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள் அண்ணி.

என்றும் உங்கள்,
பென்சில்


ஜூலை 2

அன்புள்ள பென்சில் தம்பிக்கு,

வந்துவிட்டது! முதல் தடவை கழித்தல் குறியை மறந்தேன். நீ சொன்னபடியே மூன்று மலை எழுந்து நின்றன. பள்ளிக் கணினி அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகுதான், இந்த எட்டு மாதத்தில் சத்தமாகச் சிரித்தது இதுதான் என்று தோன்றியது. உடனே சிரிப்பும் போய்விட்டது.

சனிக்கிழமை காலைகளில் பள்ளியில் யாரும் இருப்பதில்லை. சுட்டியால் பிடித்து ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். பச்சை, அதன் மேல் வண்டல் படிந்து மஞ்சள், அதன் மேல் சிவப்பு. தண்ணீரும் சேர்த்து நீலத்தில் ஒரு தட்டையான பரப்பு போட்டேன், மெல்லியதாக. போட்டவுடன் எனக்கு மூச்சு முட்டியது. எடுத்துவிட்டேன். தம்பி, பைத்தியம் என்று நினைக்காதே, படத்தைத் திருப்பும்போது பின்னால் அவர் தொண்டையைச் செருமுகிறார். நின்று பார்ப்பது அவர் வழக்கம்தானே. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் போய்விடுவார்.

அந்த நேரப் பத்தி என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. நொடிக்கு ஒரு அளவு என்று வரிசையாக வருகிறது. தினமும் பத்தேமுக்கால் சுமாருக்கு ஒன்பது நிமிஷம் எதுவும் இல்லை. டீ குடித்திருப்பார். ஒரு நாள் நாற்பது நிமிஷம் இல்லை. தேதியைப் பார்த்தேன்: குட்டிக்குக் காய்ச்சல் என்று நான் போன் செய்த நாள். மனுஷன் எங்கெல்லாம் அளக்கவில்லையோ அங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். வடகிழக்கு மூலையில், கரையை ஒட்டி, சிவப்பு தன் இடத்தில் இல்லை. வண்டல் ஏறினால் மேலேதானே வர வேண்டும்? அங்கே மட்டும் கிணறு மாதிரி கீழே இறங்கி, மஞ்சளையும் பச்சையையும் துளைத்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் திருப்பினால் அடியில் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் சட்டென்று மேலே குதித்துவிடுகிறது. விசாரணையில் கொடுத்த அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. நீ வரைந்த படம். அதில் அந்த மூலை இஸ்திரி போட்ட போர்வை மாதிரி இருக்கிறது. எது சரி? நான்தான் எதையோ தப்பாகப் போட்டேனா?

இப்படிக்கு,
அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எதுவும் தப்பாகப் போடவில்லை. அது படம் வரைகிற நிரலின் குறை. இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் எந்தத் துண்டு முன்னால், எது பின்னால் என்று அதற்குக் கணக்குப் போடத் தெரியாது. ஒரு பரப்பை முழுசாக இன்னொன்றின் மேல் வைத்துவிடும். திருப்பும்போது முடிவை மாற்றிக்கொள்ளும். அதுதான் நீங்கள் பார்த்த குதிப்பு. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். படம் பொய் சொல்லும் அண்ணி. அதை நம்பி மனதை அலைக்கழிக்காதீர்கள்.

அந்த மூலையில் இருப்பவை கெட்ட அளவுகள். படகு சாய்ந்தாலும், பாசி இருந்தாலும், மீன் கூட்டம் குறுக்கே போனாலும் பெட்டி தவறாகச் சொல்லும். அப்படிப்பட்டதை நீக்கிவிட்டுத்தான் அறிக்கைக்குப் படம் போடுவோம். வழக்கமானதுதான்.

ஒரே விஷயத்தை மூன்று தடவை எழுதி அடித்திருக்கிறேன், கடிதம் அசிங்கமாக இருக்கிறது, மன்னியுங்கள். சரியாகத் தூங்கி நாளாயிற்று. இங்கே நான் வரைகிற சாலைப் படங்களில்கூட வடகிழக்கு மூலையை இரண்டு தடவை பார்க்கிறேன். தட்டையாகத்தான் இருக்கிறது. மூன்றாம் தடவையும் பார்க்கிறேன்.

குட்டியை எங்காவது வெளியே கூட்டிப் போங்கள். அந்தக் கணினியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

என்றும் உங்கள்,
பென்சில்


ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

படம் பொய் சொல்லும் என்றாய். சரி, படத்தை விட்டேன். மூன்று பரப்புகளையும் ஒட்டி ஒரே பரப்பாக்கி, நடுவில் வெற்று வரிசை விட்டு, துண்டுக்குத் துண்டு நிறம் கொடுத்தால் முன்பின் கணக்கு சரியாக வரும் என்று எங்கோ படித்தேன். செய்தேன். இப்போது குதிக்கவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் சிவப்பு அடியில்தான் இருக்கிறது.

அதுவும் போதாது என்று படமே இல்லாமல் எண்ணை எண்ணால் கழித்தேன். கழித்தல் எனக்குத் தெரியும், இருபது வருஷமாக அதைத்தானே நடத்துகிறேன். நாற்பத்தோரு புள்ளிகள், முந்தின வருஷத்தைவிட மூன்று மீட்டர் வரை ஆழம். அக்டோபர் எட்டில் இரண்டு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறார், ஒன்பதில் இரண்டு முறை. நாலு தடவையும் அதே இடம், அதே ஆழம். எந்த மீன் தம்பி, இரண்டு நாள் நகராமல் நிற்கும்?

போன ஞாயிறு குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அந்தக் கரைக்குப் போனேன். அவர் போன பிறகு இதுதான் முதல் தடவை. ஏரிப்பக்கம் பார்க்கவில்லை, மறுபக்கம் இறங்கினேன். கரைக்குக் கீழே ஒரு தெரு இருக்கிறது, அறுபது வீடு இருக்கும். கரையின் அடியில் பாய் அகலத்துக்கு ஈரம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“போன வருஷத்துல இருந்து. வெயில் காலத்துலயும் காயறதில்ல. ஆபீஸ்காரங்க வந்து காகிதத்தப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு போயிட்டாங்க.”

அவர்கள் பார்த்த காகிதம் உன் படம்தான்.

இன்னொன்றும் உன்னிடம் சொன்னதில்லை. அவர் கடைசியாகப் போன அன்று காலை, ஷூ மாட்டிக்கொண்டே உன்னோடு போனில் பேசினார். நான் அடுப்படியில் இருந்தேன், சொல் காதில் விழவில்லை. வைத்துவிட்டு வந்து, “ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். கையில ஆதாரம் இல்லாம பேசினா எவனும் கேக்க மாட்டேங்குறான்” என்றார். மழையாச்சே என்றேன். “மழைக்குத்தான் பயமே” என்றார். ஏதோ ஆபீஸ் சண்டை, மழையில் நனையப் பயம் என்று நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன். ஒன்பது மாதமாக வேறு மாதிரிதான் புரிந்துகொண்டிருந்தேன்.

விசாரணையில் உன்னைக் கேட்டபோது, அவர் ஏன் போனார் என்று தெரியாது என்றாய். நான் உன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

அவர் போனில் என்ன சொன்னார்? நீ என்ன சொன்னாய்? செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துவிடும். அந்தத் தெருவில் தொட்டில் கட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். உனக்கு நான் சோறு போட்ட கணக்கைச் சொல்லிக் கேட்கவில்லை. உண்மையைச் சொல் என்றுதான் கேட்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணிக்கு,

பத்து நாளாக எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

அந்தப் பள்ளம் உண்மை. அண்ணன் ஒன்பதாம் தேதியே கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் கொண்டுவந்து, “டேய் பென்சில், கரைக்கு அடியில எங்கயோ மண்ணு போகுதுடா. சிவப்புல நல்லா அழுத்திக் காட்டு, பாக்குறவன் திடுக்குனு நிமிரணும்” என்றார். அப்படித்தான் முதலில் வரைந்தேன். மேலாளர் பார்த்தார். கரையைப் பழுது பார்த்ததும் நம் கம்பெனிதான், போன வருஷம்தான் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தோம், இப்போது பள்ளம் என்றால் எப்படி என்றார். “ஏதோ தப்பான அளவு. அந்த மூலையச் சரி பண்ணி நீர்வளத் துறைக்கு அனுப்பு” என்றார். நாற்பத்தோரு புள்ளிகளையும் எடுத்துவிட்டு, சுற்றியிருந்தவற்றின் சராசரியைப் போட்டேன். ஒரே ஒரு வரி நிரல் அண்ணி. எழுத ஒரு நிமிஷம் ஆகவில்லை.

பத்தாம் தேதி மாலை அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. மேலாளரிடம் சண்டை போட்டார். ஒரே அளவை வைத்துக்கொண்டு பேசாதே என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அந்த போன்.

“படத்த அனுப்பிட்டியாடா?” என்று கேட்டார்.

அனுப்பவில்லை. என் திரையில்தான் இருந்தது. அனுப்பவில்லை என்று சொன்னால், அனுப்பாதே என்பார். அவருக்கும் மேலாளருக்கும் நடுவில் நான் நிற்க வேண்டிவரும். அதனால், “அனுப்பிட்டேன் அண்ணே” என்றேன்.

“சரி விடு. அப்ப நான் புதுசா அளந்துட்டு வந்து அவங்க மேசையிலயே வைக்கிறேன். உன்னைத் தப்பு சொல்லலடா” என்றார். வைத்துவிட்டார்.

அதற்கு அப்புறம்தான் அனுப்பினேன்.

அண்ணி, இன்னும் அனுப்பவில்லை என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஷூவைக் கழற்றிவிட்டு நேராக அலுவலகத்துக்கு வந்திருப்பார். படகின் பக்கம் போயிருக்கமாட்டார். இதைத் தினமும் அவரிடம் சொல்கிறேன். அறையில் அந்தச் சொட்டுச் சத்தம் நின்றால், கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். “உன்னைத் தப்பு சொல்லலடா” என்கிறார். அதைச் சொல்லாமல் இருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

நான் முதலில் வரைந்த படம், மாற்றிய நிரல், மேலாளர் அனுப்பிய செய்தி எல்லாம் இந்தப் பென் டிரைவில் இருக்கின்றன. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது.

பென்சில்


அக்டோபர் 3

வணக்கம்.

உங்கள் ஆகஸ்ட் மாதக் கடிதமும் உடன் வைத்தவையும் கிடைத்தன. பதில் தாமதமானதற்குக் காரணம் வேலைதான்.

எல்லாவற்றையும் நீர்வளத் துறையில் கொடுத்தேன். முதல் மூன்று பேர் நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாலாவதாக ஒரு பெண் பொறியாளர் உட்காரச் சொன்னார். மூன்று நிறப் படத்தைத் திறந்து காட்டினேன். சுட்டியைத் தன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தெரிஞ்சும் ஒரு வருஷம் தண்ணிய நிறுத்தி வச்சிருந்தாங்களா?” என்று கேட்டார்.

அந்தத் தெருவை மறுநாளே காலி செய்தார்கள். பத்தொன்பது நாள் தண்ணீரை வெளியே விட்டார்கள். என் கணவர் குறித்த அதே மூலையில், பள்ளத்தின் அடியில், கரைக்குள் போகிற துளை இருந்தது. ஒரு வாளி நுழையும் அகலம். இந்த மழையில் தாங்கியிருக்காது என்றார் பொறியாளர். மழை மூன்று நாளாகப் பெய்கிறது. அந்த அறுபது வீட்டுக்காரர்களும் பள்ளிக்கூட வகுப்பறைகளில் இருக்கிறார்கள், என் வகுப்பில் ஆறு குடும்பம். வீட்டுக்கு எப்போது போகலாம் என்று என்னிடம் கோபப்படுகிறார்கள். படட்டும். கோபப்பட ஆள் இருக்கிறார்களே.

விசாரணையைத் திரும்ப எடுக்கிறார்கள். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நீக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களையும் மேலாளரையும் கூப்பிடுவார்கள். வாருங்கள். அங்கே நான் இருப்பேன். உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கமாட்டேன்.

குட்டிக்கு எல்லாம் சொன்னேன், அவளுக்குப் புரிகிற அளவில். “அப்பா வேலைக்குத்தான் போனாரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று முழுக்கத் தெருவில் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். “பென்சில் சித்தப்பா எப்ப வருவாரு?” என்றும் கேட்டாள். இனி வரமாட்டார் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. வராதவர்களைப் பற்றி அவள் ஏன் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பல சனிக்கிழமைகள் யோசித்தேன். அவர் உங்களைத் தப்பு சொல்லவில்லை என்றார். அது அவர் குணம். எனக்கு அந்தக் குணம் இல்லை.

வற்றிய சேற்றில் அவருடைய அளவுப் பெட்டி கிடந்தது. உள்ளே தண்ணீர் போகவில்லை. அன்று காலை ஏழு முப்பத்தொன்றுக்குத் தொடங்கி எட்டு பதினாலில் நிற்கிறது. எண்களை வரி வரியாகப் படித்தேன். அந்த மூலையை நாலு முறை குறுக்கே அளந்திருக்கிறார். நாலையும் முடித்திருக்கிறார். அதன் பிறகு படகைத் திருப்பியிருக்கிறார். கடைசி இரண்டு நிமிஷத்துப் புள்ளிகள் எல்லாம் படகுத்துறையை நோக்கி வருகின்றன. ஆழம் குறைந்துகொண்டே வருகிறது. வந்துகொண்டேதான் இருந்தார்.

இந்த நாலாவது பரப்பை நான் வரையவில்லை. வரைந்தால் பாதியில் நிற்கும், அந்த விளிம்பை என்னால் பார்க்க முடியாது. கோப்பின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் வரையுங்கள், அந்த மூன்றோடு சேர்த்து. எந்த நிறம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஒரு புள்ளியையும் மாற்றாதீர்கள்.

வரைந்ததை எனக்கு அனுப்ப வேண்டாம்.

அவர் மனைவி